பாதுகாக்கப்பட்டோர் பட்டியல்

உலகத்தில் பள்ளிக்கூடங்கள் தோன்றிய நாள் முதல், பரீட்சை என்ற ஒன்று அவற்றைப் பிடித்த பீடையாக இருந்து வருகிறது. இதற்கு நாளந்தாவில் மருந்து காணவில்லை. ஆக்ஸ்போர்டிலும் காணவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது, நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் ஆறாவது மைல்கல்லுக்குத் தெற்கே இருந்த செங்காட்டுப்பாளையம் ஸ்ரீ ஞானவிநாயகர் உயர்தரப் பாடசாலையின் நிர்வாகக் கமிட்டிதான். கண்டுபிடித்த ஆண்டு 1938. அவ்வாண்டின் இறுதி அறிக்கையில் இந்தச் செய்தி முறைப்படி இடம்பெற்றிருக்கிறது. அறிக்கையை எழுதியவர் தலைமையாசிரியர் சரவணமுத்து, பி.ஏ., எல்.டி.

அது தன் காலில் நின்ற பள்ளி. சர்க்காரையும் நம்பியதில்லை, மிஷனையும் நம்பியதில்லை. கூரை மட்டும் மூங்கில் காலில் நின்றது. ஐந்து பெரிய மனிதர்கள் கூடி அதை நடத்தினார்கள். தலைவர் தண்டாயுதபாணி ஜவுளி மண்டிக்காரர். ராசிபுரத்துச் சேலைகளை வண்டி வண்டியாக வாங்கி விற்பவர். துணைத்தலைவர் வீரபாகுவுக்கு ஆற்றோரம் நாற்பது ஏக்கர் கரும்பும் வாழையும் இருந்தன. மற்ற மூவரும் தலையசைப்பவர்கள். தீர்மானம் என்றால் தலையசைக்க ஆள் வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்பை அவர்கள் ஒரு நாளும் தட்டிக்கழித்ததில்லை.

இந்தப் பெரியவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எந்தத் தருமம் செய்தாலும் முதலில் கல்வெட்டு வைத்துவிடுவார்கள். தருமம் பின்னால் மெதுவாக வரும். பள்ளி வளாகத்தில் 'இக்கிணறு வீரபாகு அவர்கள் உபயம்' என்ற கல்லை நட்டு, சந்தனம் பூசி, மாலை போட்ட பிறகுதான் மண்வெட்டியையே எடுத்தார்கள். எழுபது அடியில் பாறை வந்தது. தண்ணீர் வரவில்லை. கல் மட்டும் இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. 'இந்நூலகம் தண்டாயுதபாணி அவர்கள் உபயம்' என்று இன்னொரு கல். அதன் பின்னால் ஒரு பீரோ உண்டு. பீரோவுக்குச் சாவி கிடையாது.

இப்படிப்பட்ட பள்ளிக்கு ஆண்டறிக்கை எழுதுவது லேசான காரியமில்லை. சரவணமுத்து ஏழு வருஷமாக எழுதி வந்தார். அவர் பொய் எழுத மாட்டார். உண்மையை எழுதினால் வேலை இருக்காது. ஆகவே தானாகவே ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். 'இவ்வாண்டு பள்ளிக் கிணற்றில் விழுந்து இறந்த மாணவர் எவருமில்லை' என்று எழுதுவார். 'நூலகப் புத்தகங்களில் ஒன்றுகூடக் கிழியவில்லை' என்று எழுதுவார். கமிட்டியார் அதைக் கேட்டு உள்ளம் குளிர்வார்கள். "நம்ம எட்மாஸ்டரய்யா மாதிரி எழுத ஜில்லாவுலயே ஆளில்லீங்க" என்பார் தண்டாயுதபாணி. சரவணமுத்துவுக்கும் உள்ளூர ஒரு பூரிப்பு இருக்கும். தன் முறை தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவர் அப்போது நினைக்கவில்லை.

அந்த ஆண்டு ஆறாவது பாரத்தில், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில், பதினொரு பேர் படித்தார்கள். பத்துப் பையன்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் செல்லாயி. கல் தச்சன் ஆண்டியின் மகள். பள்ளியில் இருந்த ஒரே பெண் அவள்தான் என்பதால் அவள் பெயர் பதிவேட்டில் தனிப் பக்கத்தில் இருந்தது. எல்லாப் பாடத்திலும் முதல் மார்க்கு வாங்குவதால் மார்க்குப் பட்டியலிலும் தனியாகத்தான் இருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால் சேலத்தில் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று சரவணமுத்து ஆண்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஏழு வருஷத்தில் அவர் அறிக்கையில் எழுதாமல் மனதுக்குள் வைத்துக்கொண்ட ஒரே சாதனை அந்தப் பெண்தான்.

தை பிறந்தது. ஆண்டி கையில் அப்போது வேறு வேலை இல்லை. முகூர்த்த நாளும் வாகாக அமைந்தது. கமிட்டியார் பள்ளிக்கு ஒரு கல்வெட்டு வெட்டச் சொல்லிவிட்டார்கள். ஆண்டிக்கு எழுத்துத் தெரியாது. செல்லாயி காவிக் கட்டியால் கல்லின் மேல் எழுதிக் கொடுப்பாள். அவன் அந்தக் கோட்டின் மேலேயே உளியை ஓட்டுவான். வட்டாரத்தில் பிழையில்லாத கல்வெட்டு என்றால் ஆண்டி வெட்டியது என்று பெயர். இந்தக் கல்லிலும் முத்துமுத்தாக மூன்று வரி விழுந்தது.

'ஸ்ரீ ஞானவிநாயகர் உயர்தரப் பாடசாலை. 1938 எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. நூற்றுக்கு நூறு.'

அதற்குக் கீழே, தேறியவர்கள் பெயரைப் போடுவதற்காகப் பாதிக் கல் வெறுமையாக விடப்பட்டது. சரவணமுத்து கல்லைப் பார்த்துவிட்டு மண்டிக்கு ஓடினார்.

"ஐயா, பரீட்சை பங்குனியில்தானே? இன்னும் இரண்டு மாசம் இருக்கிறதே" என்றார்.

தண்டாயுதபாணி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதுக்கென்னங்க? கெணறு வெட்டறதுக்கு முன்னாலயே கல்லு வச்சோம். என்ன கெட்டுப் போச்சு?" என்றார்.

கெட்டது எதுவுமில்லை என்று சரவணமுத்துவே அறிக்கையில் எழுதியிருந்தார். அதனால் வந்த வழியே திரும்பினார்.

ஆனால் வீரபாகு விவசாயி. விதைத்ததெல்லாம் முளைக்காது என்று அறிந்தவர். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க, பதினொண்ணுல ஒண்ணு தவறிப்போச்சுன்னா கல்லு என்னாகிறதுங்க?"

சபை திகைத்தது. கல்லில் வெட்டிய நூறை அழித்துத் தொண்ணூறு ஆக்க முடியுமா? ஆண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "காகிதமா இருந்தா அழிக்கலாமுங்க. இது கருங்கல்லுங்க சாமி" என்றான் அவன். அந்தக் கணத்தில்தான் கல்விச் சரித்திரம் திரும்பியது. 'மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்வது' என்ற பழைய, நிச்சயமில்லாத முறையைக் கைவிட்டு, 'கல்லை மாணவர்களிடமிருந்து காப்பாற்றுவது' என்ற முறையைக் கமிட்டி ஏகமனதாக ஏற்றது. தை முடிவதற்குள் பரீட்சை எழுதுவோர் பட்டியல் சென்னைக்குப் போக வேண்டும். தவறக்கூடியவர்களை அதற்குள் நீக்கிவிட வேண்டும். நீக்குவது என்ற சொல் காதுக்கு நன்றாயில்லை என்று தலைவர் அபிப்பிராயப்பட்டதால், 'பரீட்சையிலிருந்து பாதுகாக்கப்பட்டோர்' என்று ஒரு பட்டியல் திறக்கப்பட்டது. தலைமையாசிரியர் அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானம்.

முதல் நாள் மூன்று பேர் பாதுகாக்கப்பட்டார்கள். அரையாண்டுப் பரீட்சையில் அவர்கள் வாங்கிய இங்கிலீஷ் மார்க்கை மூன்றையும் கூட்டினாலும் பத்து வரவில்லை. சரவணமுத்துவுக்கு இதில் பெரிய ஆட்சேபம் இல்லை. கையெழுத்திட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

மறுநாள் ஒரு பையன் வந்தான். அவர்கள் வீட்டுக் காளை பொங்கலுக்கு மறுநாள் செத்துப்போயிருந்தது. "காளை போன ஊட்டுல படிப்பு எங்கீங்க ஏறும்?" என்றார் வீரபாகு. மூவரும் தலையசைத்தார்கள். பையன் பாதுகாக்கப்பட்டான். அடுத்தவன் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். தலைப்புக்குக் கீழே கோடு போடவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான் என்பதால் அவனும் பாதுகாக்கப்பட்டான். இன்னொருவன் பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பவன். பரீட்சை நாமக்கல்லில்.

"நடந்து போவான், ஆறு மைல்தானே" என்றார் சரவணமுத்து.

"நடந்து போனா அசந்திருவான். அசந்தவன் தேறுவானுங்களா?" என்றார் வீரபாகு.

பிறகு கமிட்டி விசாரணை முறையைச் செம்மைப்படுத்தியது. ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு நேராகக் கேட்டார்கள்.

"ஏப்பா, நீ தேறிருவியா?"

"தெரியலீங்க" என்றான் ஒருவன். தன்னம்பிக்கை இல்லாதவன் என்று பாதுகாக்கப்பட்டான்.

அடுத்தவன் இதை வெளியே நின்று கேட்டுவிட்டு வந்தான். "கண்டிப்பா தேறிருவேனுங்க" என்றான். தலைக்கனம் பிடித்தவன் என்று பாதுகாக்கப்பட்டான்.

மூன்றாமவன் வாயே திறக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று வீரபாகு சொல்லிவிட்டார்.

பத்தாமவன் தலைவரின் சொந்த மகன். இங்கே சபை சற்றுத் தடுமாறியது. சரவணமுத்து எழுதிக் கொடுத்த வாசகம்தான் நிலைமையைக் காப்பாற்றியது: 'இவர் பரீட்சைக்கு அப்பாற்பட்டவர்.' தண்டாயுதபாணி கண் கலங்கிவிட்டார். அந்த வாசகத்தைச் சட்டம் போட்டு மண்டியில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

"அவ்வளவுதானுங்களே, முடிஞ்சுதா?" என்று தலைவர் எழுந்தார்.

சரவணமுத்து பதிவேட்டைப் புரட்டினார். செல்லாயியின் பெயர் தனிப் பக்கத்தில் இருந்ததால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால், பரீட்சை எழுதுவோர் பட்டியல் அவள் பெயரோடு சத்தமில்லாமல் சென்னைக்குப் போய்விடும். ஆனால் அந்தப் பட்டியலில் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவர் கண்ணில் படாமல் போகுமா? போகாது.

"ஒருத்தர் இருக்கிறார். ஆண்டி மகள் செல்லாயி" என்றார். "கட்டாயம் தேறிவிடுவாள். ஜில்லாவில் முதலாவதாக வந்தாலும் வரலாம். ஒருவர் எழுதி ஒருவர் தேறினால் நூற்றுக்கு நூறுதான். கல்லுக்கு ஒன்றும் ஆகாது."

சபை மறுபடியும் உட்கார்ந்தது.

வீரபாகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "பதினொண்ணுல ஒண்ணு போனா எத்தனைங்க?"

"சுமார் தொண்ணூற்றொன்று."

"ஒண்ணுல ஒண்ணு போனா?"

"பூஜ்யம்."

"பாத்தீங்களா" என்றார் வீரபாகு, தலைவரைத் திரும்பிப் பார்த்து. "ஆபத்து முழுக்க இந்தப் புள்ளைகிட்டத்தான் இருக்குதுங்க. மத்தவங்க பத்துப் பேரும் சேந்தாக்கூட நம்மளைப் பூஜ்யமாக்க முடியாது."

"அவள் தவறமாட்டாள் ஐயா."

"அப்படீங்களா? அப்ப ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துருங்க. 'இந்தப் புள்ள தேறலைன்னா நான் வேலையை உட்டுப் போறேன்'னு. நாங்க ஏன் குறுக்க நிக்கறோம்?"

சரவணமுத்து பேனாவின் மூடியைத் திருகினார். காகிதம் எதிரில் இருந்தது. அவள் தேறுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பரீட்சையன்று அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? விடைத்தாளைத் திருத்துகிறவருக்குத் தலைவலி வந்தால்? வீட்டில் மனைவி கந்தம்மாள் இருந்தாள். நான்கு குழந்தைகள் இருந்தன. ஐம்பது மைல் சுற்றளவில் வேறு உயர்தரப் பாடசாலை எதிலும் காலி இடம் இல்லை. அவர் மூடியை மறுபடியும் திருகி மூடினார்.

அந்த ஆண்டு அந்தப் பள்ளியில் உண்மையாக நடந்த பரீட்சை அது ஒன்றுதான். அதை எழுத உட்கார்ந்தவர் ஒருவர்தான். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

'செல்லாயி: அரிய மாணவி என்பதால் பாதுகாக்கப்பட்டார்' என்று பதினொன்றாவது பெயருக்கும் நேரே கையெழுத்து விழுந்தது.

மூன்றாம் நாள் ஆண்டி பள்ளிக்கு வந்தான். தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"புள்ளைக்குப் பரிச்சை என்னைக்குங்க சாமி? நாமக்கல்லுல எங்க அக்கா ஊட்டுல தங்க வெக்கலாமுன்னு கேட்டுட்டுப் போக வந்தேனுங்க."

"அவளைப் பாதுகாத்திருக்கிறோம் ஆண்டி."

"எதுல இருந்துங்க?"

சரவணமுத்து மேசை மேலிருந்த பூகோளத்தைச் சுற்றிவிட்டார். "தவறிவிடாமல் இருப்பதற்காக, இந்த வருஷம் எழுத வேண்டாம் என்று கமிட்டி..."

ஆண்டி தலைத்துணியை மறு கக்கத்துக்கு மாற்றினான். "கல்லு ஒடஞ்சு போயிருமுன்னு நான் உளியே வெக்காம உக்காந்திருந்தா, ஊட்டுல அடுப்பு எரியுமுங்களா சாமி?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டான். பிறகு "வாரேனுங்க" என்று போய்விட்டான். சரவணமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் கணக்குத் தெரியாமல் நிற்கும் பையனுடைய முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று தன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

பங்குனி வந்தது. மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் விளக்கெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு பரீட்சைக்கு ஓடினார்கள். முடிவு தெரிய அவர்கள் ஜூன் மாதம் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். செங்காட்டுப்பாளையத்தில் அந்தச் சஞ்சலமே இல்லை. முடிவு தை மாதமே தெரிந்துவிட்டது. தவறியவர் ஒருவருமில்லை. 'பரீட்சை நடப்பதற்கு முன்பே முடிவை அறிவித்த முதற்பள்ளி' என்ற வாசகத்தை அறிக்கையில் சேர்க்கும்படி தலைவர் சொன்னார். சேர்க்கப்பட்டது.

சித்திரையில் ஆண்டு விழா. சேலத்திலிருந்து ஜில்லா கல்வி அதிகாரி வந்து கல்வெட்டைத் திறந்துவைக்கச் சம்மதித்திருந்தார். அப்போதுதான், கல்லில் பாதி வெறுமையாக இருப்பது கமிட்டியாரின் நினைவுக்கு வந்தது. தேறியவர்கள் பெயருக்கென்று விட்ட இடம் அது. பெயர் போட ஆளில்லை.

"வெறுங்கல்லா உட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் தண்டாயுதபாணி. "பாடுபட்டது யாருங்க? நாமதான். 'இதற்குக் காரணமானவர்கள்'னு போட்டு எங்க அஞ்சு பேர் பேரையும் வெட்டச் சொல்லுங்க. பொருத்தமா ஒரு வரி வேணுமுன்னா நீங்களே சேத்துக்குங்க. உங்களுக்குச் சொல்லோணுங்களா?"

சரவணமுத்து வீட்டுக்குப் போய்க் காகிதத்தை எடுத்தார். இந்தத் தடவை பேனாவின் மூடியைக் கழற்றியதும் எழுதிவிட்டார். தலைவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மேலே ஒரே ஒரு வரி சேர்த்தார். கீழே ஒரே ஒரு பெயர் சேர்த்தார். காகிதத்தைத் தானே கொண்டுபோய் ஆண்டியின் பட்டறையில் செல்லாயியிடம் கொடுத்தார்.

அவள் காவிக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், கமிட்டி அஞ்சு பேருங்களே. இதுல ஆறு பேர் இருக்குதுங்க."

"ஆறுதான் அம்மா."

"ஆறாவது பேரைச் சின்னதா எழுதட்டுங்களா?"

"வேண்டாம். அதே அளவிலேயே எழுது."

அவள் கல்லின் மேல் குனிந்து எழுத ஆரம்பித்தாள். ஆண்டி என்னவென்று கேட்கவில்லை. மகள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

விழாவன்று பந்தல், வாழைமரம், நாயனம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. சரவணமுத்து அறிக்கையை வாசித்தார். கிணற்றில் எவரும் விழாததும், புத்தகம் எதுவும் கிழியாததும், பரீட்சையில் எவரும் தவறாததும் பலத்த கரகோஷத்துக்கிடையே அறிவிக்கப்பட்டன. பிறகு கல்வி அதிகாரி பட்டுத்துணியை விலக்கினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

"ஸ்ரீ ஞானவிநாயகர் உயர்தரப் பாடசாலை. 1938 எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. நூற்றுக்கு நூறு."

கைதட்டல்.

"பரீட்சை எழுதியவர்..." அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "பரீட்சை எழுதியவர் ஒருவருமில்லை."

கமிட்டியார் அதற்கும் கைதட்டினார்கள். அவர்களுடைய உழைப்பை அத்தனை சுருக்கமாக யாரும் அதுவரை சொன்னதில்லை.

அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "இந்த எழுத்து யாருடையது? ஒரு பிழைகூட இல்லையே."

"ஆறாவது பாரம் செல்லாயி. அதோ, கல் தச்சன் பக்கத்தில் நிற்கிறாள்."

"இந்தப் பெண் ஏன் பரீட்சை எழுதவில்லை?"

சரவணமுத்து கல்லைக் காட்டினார். அதிகாரி அடுத்த வரியை வாசித்தார்.

"இதற்குக் காரணமானவர்கள்." நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "இவர்களெல்லாம் வந்திருக்கிறார்களா?"

"வந்திருக்கறமுங்க" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"தண்டாயுதபாணி" என்று அதிகாரி வாசித்தார். தலைவர் எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்து, நாலாபக்கமும் கும்பிட்டார். "வீரபாகு." துணைத்தலைவர் எழுந்து மீசையைத் தடவிக்கொண்டு கும்பிட்டார். தலையசைப்பவர்கள் மூவரும் முறைப்படி எழுந்து, கும்பிட்டு, தலையையும் அசைத்தார்கள். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். கோர்ட்டில்கூடப் பெயர் வாசித்ததும் இத்தனை சந்தோஷமாக எழுந்து நின்றவர்களை அதிகாரி பார்த்திருக்க மாட்டார்.

"சரவணமுத்து, பி.ஏ., எல்.டி." என்று ஆறாவது பெயரையும் வாசித்தார். சரவணமுத்து ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார். கும்பிடவில்லை.

அதிகாரி பார்வையாளர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். 'அடுத்த ஆண்டு பதினொரு பேரும் பரீட்சை எழுத வேண்டும். பட்டியல் கமிட்டிக்குப் போகாமல் நேராக என் கைக்கு வர வேண்டும்' என்று எழுதிவிட்டு, பாயசம்கூடச் சாப்பிடாமல் காரில் ஏறினார். "நேரா அவரு கைக்கே அனுப்பச் சொல்லீட்டாருங்க. நம்ம பள்ளிக்கூடத்து மேல அத்தனை பிரியம்" என்று தண்டாயுதபாணி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு வீரபாகு மட்டும் கல்லின் முன் நின்றார். தன் பெயரை விரலால் அளந்தார். கீழே குனிந்து ஆறாவது பெயரையும் அளந்தார். முகம் வாடிவிட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க எட்மாஸ்டரய்யா" என்றார். "ஆனா ராப்பகலா கூட்டம் போட்டு, ஒவ்வொரு பையனா வெசாரிச்சு, பாடுபட்டதெல்லாம் நாங்க. எங்களுக்குச் சமமா உங்க பேரையும் வெட்டிக்கிட்டீங்களே, இதுல நீங்க என்னங்க பண்ணுனீங்க?"

"பதினொரு கையெழுத்துப் போட்டேன்" என்றார் சரவணமுத்து.